ஜோபர்க் டைனோவில் 12.8, டர்பன் ரோட்டில் 14.3: எது பொய்?

சிட்டி_சாட்ஸ்வர்த்

வணக்கம். இரண்டு வருடமாகப் படிக்கிறேன், இப்போதுதான் முதல் முறை எழுதுகிறேன். ஆயாவிடம் பேசிப் பழகிய தமிழ், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் பழைய சிட்டி கோல்ஃப். உள்ளே 2.0 லிட்டர் 8 வால்வ் இஞ்சின், கேம் மாற்றியது, டர்போ கிடையாது. ஒரிஜினல் ஈசியூவை (இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) கழற்றிவிட்டு லேப்டாப்பில் மாற்றக்கூடிய ஈசியூ போட்டிருக்கிறேன். அண்ணன் ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் லெனேசியாவில் இருக்கிறார். டிசம்பர் லீவில் அங்கே போனபோது, அவர் சொன்ன ஒரு கடையில் டைனோவில் (சக்கரத்தை ரோலரில் ஓடவிட்டுப் பவர் அளக்கும் மெஷின்) ஏற்றி ட்யூன் செய்தேன். கையில் கொடுத்த பேப்பரில் 90 கிலோவாட். கலவைக் கோடு (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று) 12.8-ல், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. சந்தோஷமாக என்-3 ஹைவே பிடித்து டர்பனுக்கு இறங்கி வந்தேன்.

வந்ததும் சொந்தமாக ஒரு வைட்பேண்ட் மீட்டர் (புகையிலுள்ள ஆக்சிஜனை வைத்துக் கலவையைச் சொல்வது) வாங்கி மாட்டினேன். ஹிகின்ஸன் ஹைவேயில் மூன்றாம் கியரில் முழு த்ராட்டில் மிதித்தால், நிமிடத்துக்கு 4,500 சுற்றில் 14.3 காட்டுகிறது! தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வேறு. மேலே 6,500 போனால் மீட்டர் தானாக 12.5-க்கு இறங்கிவிடுகிறது, அதுவும் புரியவில்லை.

ட்யூன் செய்தவருக்குப் போன் போட்டேன். "என் மெஷின் விலை தெரியுமா? உன் மீட்டர்தான் கோளாறு" என்று வைத்துவிட்டார். டைனோ பொய்யா, ரோடு பொய்யா?

20வால்வ்_பீனிக்ஸ்

டைனோ என்பது பேப்பர் அடிக்கிற மெஷின் தம்பி. காசு எவ்வளவோ, கிலோவாட்டும் அவ்வளவு. என் 20 வால்வ் கொரோலாவை நான் எந்த ரோலரிலும் ஏற்றியதில்லை. போனில் ஒரு ஆப் இருக்கிறது, கார் எடையைக் கொடுத்தால் போதும். எம்-4-ல் பலிட்டோ பக்கம் ஒரு இழுப்பு இழுத்தேன், 104 காட்டியது. ரோடு பொய் சொல்லாது.

மெரிபேங்க்_மாமா

முதலில் அந்தக் காரை முழு த்ராட்டில் மிதிப்பதை நிறுத்து. டப்பாவில் கோலி என்று நீ விளையாட்டாகச் சொல்கிறாய். அது பிஸ்டன் தலையில் சுத்தியல் விழுகிற சத்தம். கடல் மட்டத்தில், லீன் கலவையில் (பெட்ரோல் குறைவு), நாக் (கலவை தானாக வெடிப்பது) அடிக்க அடிக்க ஓட்டினால் முதல் ரிங் உட்கார்ந்திருக்கிற விளிம்பு உடைந்து போகும். அப்புறம் மீட்டர் சரியா தப்பா என்று பார்க்க இஞ்சின் இருக்காது.

இனி நான் கேட்பதற்குப் பதில் சொல். உன் சென்சார் எங்கே மாட்டியிருக்கிறாய்? அங்கே டைனோவில் எங்கிருந்து அளந்தார்கள், சைலன்சர் வாலில் குழாய் விட்டா? பெட்ரோல் 93 ஆக்டேனா 95-ஆ? டைனோவில் எந்த கியர்? பானெட் திறந்திருந்ததா?

சிட்டி_சாட்ஸ்வர்த்

மாமா, சென்சார் எக்ஸாஸ்ட்டின் கீழ்க் குழாயில், மேனிஃபோல்டுக்கு ஒரு முழம் கீழே. அங்கே அவர்கள் வாலில் குழாய் விட்டுத்தான் அளந்தார்கள். அண்ணன் 93 போட்டுத்தான் ஓட்டச் சொன்னார், வரும் வழியில் ஹாரிஸ்மித்திலும் 93 நிரப்பினேன். நாலாம் கியர். பானெட் திறந்து, முன்னால் ஒரு ஃபேன் வைத்திருந்தார்கள்.

மெரிபேங்க்_மாமா

93 தீர்ந்ததும் இங்கே 95 போடு. மேட்டு நிலத்தில் காற்று அழுத்தம் குறைவு, அங்கே 93 தாங்கும். கடலோரத்தில் அதே இஞ்சினுக்கு அது போதாது. சத்தத்தில் பாதி அதனால்கூட இருக்கலாம்.

அடுத்தது, சென்சாருக்கு மேலே உள்ள ஃப்ளாஞ்ச், அதாவது குழாய் இணைப்பு. குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஈரத் துணியால் வாலை அடைத்துப் பிடித்து, ஃப்ளாஞ்சில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார். குமிழி வந்தால் லீக். புகை அலை அலையாகப் போகிறபோது அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சாருக்கு அது ஆக்சிஜன்தான், "லீன்" என்று சொல்லிவிடும். இஞ்சின் லீன் இல்லை, குழாய்தான் லீன்.

நெல்லை_டு_டர்பன்

மாமா சொல்வது சரி. ஆனால் அந்த லீக் ஐடிலிலும் மெதுவாகப் போகும்போதும்தான் பெரிதாகத் தெரியும். முழு த்ராட்டிலில் குழாய்க்குள் அழுத்தம் கூடி, வெளிக்காற்று உள்ளே வருவது குறைந்துவிடும். வாலில் குழாய் விட்டு அளக்கிறபோது தப்பு வந்தாலும் பெரும்பாலும் லீன் பக்கம்தான் வரும். அதனால் ஜோபர்க்காரர் காட்டிய 12.8 பொய்யாக இருக்க வாய்ப்புக் குறைவு.

நான் ஊரில் இருந்தபோது சில வருடம் இஞ்சின் டெஸ்ட் செல்லில் வேலை பார்த்தவன். ரோலர் டைனோவில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, கனமான டிரம் மட்டும். கார் அதைச் சுழற்றி வேகமேற்ற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதிலிருந்து பவரைக் கணக்குப் போடுவது. இன்னொன்றில் மின்காந்த பிரேக் இருக்கும். 3,500 சுற்றில் பிடித்து நிறுத்தி, த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொரு கட்டமாக ட்யூன் செய்யலாம். டிரம் மட்டும் உள்ளதில் அது முடியாது, கீழிருந்து மேலே ஒரே ஓட்டம்தான்.

சின்ன டிரம்மில் அந்த ஓட்டம் எட்டு விநாடியில் முடிந்துவிடும். அதே நாலாம் கியரில் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறிப் பார், இருபது விநாடி ஆனாலும் இஞ்சின் திணறிக்கொண்டே இருக்கும். தலை சூடாகும், உள்ளே வரும் காற்று சூடாகும், நாக் வரும். டைனோ பேப்பரில் அந்த இருபது விநாடி எங்கேயும் இல்லை. காற்றின் எதிர்ப்பும் இல்லை. ரோட்டில் வேகம் இரட்டித்தால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு பவர் வேண்டும். அந்தச் சுமையைப் பிரேக் டைனோவில்கூட யாரும் சும்மா வைத்துத் தருவதில்லை, அதற்குத் தனியாகக் கணக்குக் கொடுக்க வேண்டும்.

20வால்வ் தம்பிக்கு ஒன்று. போன் ஆப்புக்குத் தெரிவது கார் எவ்வளவு வேகமாக முடுக்கம் எடுக்கிறது என்பது மட்டும். 1,000 கிலோ கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, நூற்றுக்கு ஒரு மீட்டர் இறக்கம் இருந்தால் பூமியே 2.7 கிலோவாட் தள்ளிவிடுகிறது. கண்ணுக்கு அது சமதளமாகத்தான் தெரியும். பின்னாலிருந்து 20 கிலோமீட்டர் காற்று வீசினால் இன்னொரு மூன்று நான்கு கிலோவாட். பலிட்டோ பக்கம் கடல்காற்றுக்குப் பஞ்சமா? அதே இடத்தில் திரும்பி எதிர்ப்பக்கமாகவும் ஓட்டி, இரண்டையும் சராசரி எடுங்கள்.

20வால்வ்_பீனிக்ஸ்

திரும்பியும் ஓட்டினேன் சார். 91.

சராசரியை நான் போடவில்லை, நீங்களும் போட வேண்டாம்.

சிட்டி_சாட்ஸ்வர்த்

சனிக்கிழமை பார்த்தேன். மாமா சொன்ன இடத்தில் குமிழி வந்தது! கேஸ்கெட் ஒரு ஓரம் கருகியிருந்தது. புதிது போட்டேன். ஐடிலில் 15.6 காட்டியது இப்போது 14.8. டேங்கைக் காலி செய்து 95 நிரப்பினேன். கோலி சத்தம் குறைந்திருக்கிறது, போகவில்லை. முழு த்ராட்டில் ஒரே ஒரு தடவை, இரண்டு விநாடிதான் மிதித்தேன் (மாமா திட்டாதீர்கள்). 4,500-ல் 14.3 இருந்தது 14.2 ஆனது. அவ்வளவுதான்.

ஆக நெல்லை அண்ணன் சொன்னது போல லீக் ஐடிலில்தான் விளையாடியிருக்கிறது. பெரிய கோளாறு இன்னும் அப்படியே இருக்கிறது.

லேம்டா_லெனேசியா

ஜோபர்க்கிலிருந்து நான் ஒருவன் இருக்கிறேன், பேசலாமா? அந்தக் கடை என் கடை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி, லேப்டாப்பை ஈசியூவில் மாட்டி எரிபொருள் டேபிளைத் திற. இடது பக்கம் இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தம் கிலோபாஸ்கலில் வரிசை வரிசையாக இருக்கும், மேலே சுற்று. கடைசி மூன்று வரிசைகளை, 80, 90, 100, அப்படியே இங்கே டைப் செய். டைமிங் (ஸ்பார்க் எத்தனை டிகிரி முன்னால் அடிக்கிறது) டேபிளிலும் அதே மூன்று வரிசை. வேறு எதையும் தொடாதே.

சிட்டி_சாட்ஸ்வர்த்

இதோ அண்ணா. சுற்று 2,500, 3,500, 4,500, 5,500, 6,500.

80: 71.5, 76.2, 79.8, 78.4, 74.1
90: 68, 70, 72, 74, 76
100: 68, 70, 72, 74, 76

டைமிங் 4,500-ல் மூன்று வரிசையிலும் 32 டிகிரி.

லேம்டா_லெனேசியா

கிடைத்துவிட்டது.

80 வரிசையைப் பார். 71.5, 76.2, 79.8... ஒழுங்கில்லாத எண்கள். கை பட்ட எண்கள் அப்படித்தான் இருக்கும். ஒரு மனிதன் ரோலர் மேல் காரை வைத்துக்கொண்டு, மீட்டரைப் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கியது. கேம் எங்கே மூச்சு விடுகிறது என்று அந்த வரிசையிலேயே தெரிகிறது, 4,500-ல் உச்சம், மேலே போனால் இறக்கம். 90-ஐயும் 100-ஐயும் பார். 68, 70, 72, 74, 76. படிக்கட்டு. எந்த இஞ்சினும் அப்படி மூச்சு விடாது. ஈசியூவை வாங்கும்போதே உள்ளே இருந்த எண்கள் அவை. யாரும் தொடவில்லை.

ஏன் தொடவில்லை? தொட முடியாது, அதனால்தான். ஜோபர்க் 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே 83 கிலோபாஸ்கல் வாக்கில்தான். டர்போ இல்லாத இஞ்சினில் த்ராட்டிலைத் தரையோடு அழுத்தினாலும் மேனிஃபோல்டில் 82-க்கு மேல் வராது. இங்கே எந்த டைனோவில் ஏற்றினாலும் உன் காரால் 90 வரிசைக்குள் கால் வைக்க முடியாது. கடல் மட்டக் காற்றை இங்கே சிலிண்டரில் அடைத்து விற்பதில்லையே.

நீ என்-3-ல் இறங்கி வந்ததும் என்ன ஆனது? டர்பனில் வெளிக்காற்று 101. முழு த்ராட்டில் மிதித்தால் மேனிஃபோல்டு 99, 100. யாரும் ட்யூன் செய்யாத வரிசைக்குள் நேராகப் போய் நிற்கிறாய்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4,500-ல் 79.8 இருந்தபோது கலவை 12.8. அந்த இடத்தில் 72 இருந்தால், 12.8 × 79.8 ÷ 72 = 14.2. உன் மீட்டர் காட்டுவது அதுதான். 6,500-ல் தலைகீழ்: 74.1 வேண்டிய இடத்தில் 76 இருக்கிறது, அதிக பெட்ரோல். 12.8 × 74.1 ÷ 76 = 12.5. முதல் பதிவில் நீயே எழுதியிருக்கிறாய், மேலே போனால் தானாக 12.5-க்கு இறங்குகிறது, புரியவில்லை என்று.

உன் மீட்டர் கோளாறு இல்லை. அவருடைய மெஷினும் கோளாறு இல்லை. அது ஒரு வரிசையை அளந்தது, இது இன்னொரு வரிசையை அளக்கிறது.

டைமிங்தான் எனக்குப் பயம். 80 கிலோபாஸ்கலில் 32 டிகிரி தாங்கும். 100-ல் சிலிண்டருக்குள் கால் பங்கு கூடுதல் காற்று, அங்கேயும் 32 என்றால் 95 போட்டாலும் கோலி உருளும். இன்று இரவே 90 வரிசையை 29, 100 வரிசையை 26 ஆக்கு. எரிபொருளில் 80 வரிசை எண்களை அப்படியே கீழே நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கூட்டு. கொஞ்சம் ரிச்சாக (பெட்ரோல் கூடுதல்) இருக்கும், அது பாதுகாப்பு. அதை வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டி டர்பனிலேயே ஒரு டைனோவுக்குப் போ.

மெரிபேங்க்_மாமா

அடேயப்பா. இதையே நாங்கள் கார்புரேட்டர் காலத்தில் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) டப்பாவோடு செய்தோம். வேறுபாடு ஒன்றுதான், அப்போது கையில் பெட்ரோல் நாற்றம்.

வெபர் இரட்டைக் கார்புரேட்டர், இங்கே 135 ஜெட்டில் அருமையாக ஓடும். அதை அப்படியே ரீஃப் (ஜோபர்க்) பக்கம் ஏற்றினால் கருப்புப் புகை. காற்று ஐந்தில் ஒரு பங்கு குறையும், ஆனால் கார்புரேட்டர் பெட்ரோலை அந்த அளவு குறைக்காது, பத்தில் ஒரு பங்கு ரிச் ஆகிவிடும். 128, 130 ஜெட் போட வேண்டும். நாங்கள் அரிச்சுவடி போலத் தெரிந்து வைத்திருந்தோம்: ஏறும்போது சின்ன ஜெட், இறங்கும்போது பெரிய ஜெட். மேலே சரியாக ஓடுகிற ஜெட்டோடு கீழே இறங்கினவன் பிஸ்டனை ஓட்டையாக்கிக்கொண்டு வருவான். மாரிட்ஸ்பர்கில் ராய் ஹெஸ்கெத் ட்ராக் 1981-ல் மூடும் வரை, மேலிருந்து வருகிறவர்கள் பேடக்கில் முதல் வேலையாக ஜெட் டப்பாவைத்தான் திறப்பார்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஈசியூ எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். யாராவது எண் எழுதினால்தானே அது பார்க்கும்!

சிட்டி_சாட்ஸ்வர்த்

அண்ணா, உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். 12.5 கணக்கு வந்ததும் ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "சரி, சாப்பிட வா" என்றார்.

மாற்றிவிட்டேன். சத்தம் சுத்தமாக இல்லை.

ஆனால் அந்த ஜோபர்க் ட்யூனர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் டர்பன் நம்பர் பிளேட்டோடுதானே போனேன். சரி, இன்னொரு கேள்வி. 90 கிலோவாட் என்று பேப்பரில் இருக்கிறதே, அது உண்மையா? மேலே காற்று குறைவு என்றால் 90 எப்படி வந்தது?

லேம்டா_லெனேசியா

பேப்பரின் மூலையில் சின்ன எழுத்தில் ஏதாவது இருக்கும், பார். டி.ஐ.என் என்றோ எஸ்.ஏ.இ என்றோ, பக்கத்தில் 1.2-க்கு அருகே ஒரு எண்.

சிட்டி_சாட்ஸ்வர்த்

"டி.ஐ.என் 70020, 1.21".

லேம்டா_லெனேசியா

ரோலர் உண்மையில் அளந்தது 74. அதை 1.21-ஆல் பெருக்கி 90 என்று அச்சடித்திருக்கிறார்கள். இது ஏமாற்று இல்லை. டி.ஐ.என் 70020 என்பது 1,013 மில்லிபார், 20 டிகிரி காற்றில் இந்த இஞ்சின் என்ன கொடுத்திருக்கும் என்று திருத்திச் சொல்கிற கணக்கு. டர்போ இல்லாத இஞ்சினுக்கு ஏறக்குறைய சரியாக வரும். எஸ்.ஏ.இ ஜே1349 வேறு காற்றை அடிப்படையாக வைக்கிறது, 25 டிகிரி, ஈரப்பதத்தைக் கழித்த 990 மில்லிபார். ஒரே ஓட்டத்தை இரண்டு முறையிலும் அச்சடித்தால் இரண்டு மூன்று சதவீதம் வேறுபடும். அதனால் எந்தப் பேப்பரை எதோடு ஒப்பிட்டாலும் முதலில் மூலையைப் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தும். இஞ்சின் அளவைக்கான ஐ.எஸ்.ஓ 1585, திருத்த எண் 0.93-லிருந்து 1.07-க்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஜோபர்க்கில் எந்த நாளும் அதற்குள் வராது. நாங்கள் வேறு வழியில்லாமல் 1.2-ஓடு வாழ்கிறோம்.

போலோ_பைன்டவுன்

டர்போ வைத்திருக்கிறவள் என்ற முறையில் இங்கே நான் கொஞ்சம் சண்டை போட வேண்டும்.

அந்த 1.21-ஐ டர்போ காரில் போட்டால் அது ஏமாற்றுதான் அண்ணா. என் போலோ ஜி.டி.ஐ 1.8 டர்போ. மேலே காற்று மெலிந்தால், டர்போ கொஞ்சம் கூடச் சுற்றி, கேட்ட அழுத்தத்தைக் கொண்டுவந்துவிடும். இழப்பு ரொம்பக் குறைவு. இழக்காததை எதற்குத் திருப்பிக் கொடுப்பது? ஜோபர்க்கில் எனக்கு 150 என்று பேப்பர் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து டர்பனில் ஏற்றினால் 131. எதுவும் மாற்றவில்லை. மேலே திருத்தாமல் அளந்தது 126. அந்த 150-ஐ ஆறு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இப்போதும் சித்தப்பா கிண்டல் செய்கிறார்.

ஜோபர்க் பக்கத்துக் கியாலாமி ட்ராக்கில் 1979-ல் ஜபூய் ரெனோவில் போல் (முதல் இடத்தில் கிளம்பும் உரிமை) எடுத்தார், டர்போ காருக்கு ஃபார்முலா ஒன்னில் அதுதான் முதல் போல். அடுத்த வருடம் அதே இடத்தில் ஆர்னூ ஜெயித்தார். மற்றவர்கள் எல்லாரும் மெலிந்த காற்றில் மூச்சு வாங்கியபோது ரெனோவுக்கு அவ்வளவு நட்டமில்லை. ரேஸ்காரர்களுக்கு அப்போதே தெரிந்தது டைனோ கடைக்காரர்களுக்கு இன்னும் தெரியவில்லை என்றால் எப்படி?

ரோட்டுக்கும் டைனோவுக்கும் எனக்கு வேறு தொல்லையும் வந்தது. டைனோவில் மூன்றாம் கியரில் பூஸ்ட் (டர்போ தள்ளும் அழுத்தம்) 1.1 பார். ரோட்டில் நாலாம் கியரில் 1.25. சுமை அதிக நேரம் நின்றால் டர்போவுக்கு ஏற நேரம் கிடைக்கிறது. அந்த 0.15 ஏற்ற இறக்கத்துக்குள்தான் என் பழைய பிஸ்டன் போனது. இன்னொன்று, ரோலரில் முன்சக்கரம் மட்டும் சுற்றி பின்சக்கரம் நின்றால், சில கார்களில் கம்ப்யூட்டர் "வழுக்குகிறது" என்று நினைத்து த்ராட்டிலை மூடிவிடும். அதை அணைக்காமல் ஓட்டிவிட்டு "இந்தக் காரில் பவர் இல்லை" என்று சொன்ன மேதாவியையும் பார்த்திருக்கிறேன்.

லேம்டா_லெனேசியா

சண்டையே இல்லை அக்கா, நீங்கள் சொல்வது அத்தனையும் சரி. டர்போ கார் வந்தால் நான் திருத்தாத எண்ணைத்தான் தருகிறேன். வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பவர்கள்தான் அதிகம். பக்கத்துக் கடையில் 20 சதவீதம் இலவசமாகக் கிடைக்கிறதே.

சிட்டி_சாட்ஸ்வர்த்

டர்பன் டைனோவுக்குப் போய் வந்தேன். இது பிரேக் வைத்தது. நாலு மணி நேரம் நின்று பார்த்தேன், அதனால் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் லேம்டா அண்ணன் சொன்ன தற்காலிக எண்களோடு ஓட்டினோம். கலவை 12.6, பவர் 80. டைமிங் ரொம்பப் பின்னால் இருக்கிறது என்றார் ட்யூனர். அப்புறம் 90, 100 வரிசைகளை ஒவ்வொரு கட்டமாகப் பிரேக் போட்டு நிறுத்தி எடுத்தார். 4,500-ல் 80.6 வந்தது, 80 வரிசையின் 79.8-க்குப் பக்கத்திலேயே. டைமிங்கை ஒரு டிகிரி ஒரு டிகிரியாக ஏற்றினார். காதில் ஹெட்ஃபோன், பிளாக்கில் ஒரு மைக். 29-ல் தலையை ஆட்டினார், 28-க்கு இறக்கி, இன்னும் ஒன்று குறைத்து 27-ல் நிறுத்தினார். "28-க்கும் 27-க்கும் பவரில் வித்தியாசம் அரை கிலோவாட். பிப்ரவரி வெயிலில் அந்த ஒரு டிகிரி உனக்கு வேண்டும்" என்றார்.

கடைசி எண் 88. திருத்த எண் 1.017 மட்டும், அதனால் ரோலர் அளந்தது 86.5.

ஒரு வேடிக்கை. நடுவில் பையன் ஒருவன் வந்து காரை ரோலரோடு கட்டியிருக்கிற ஸ்ட்ராப்பை இரண்டு பல் இறுக்கிவிட்டுப் போனான். அடுத்த ஓட்டத்தில் 86! இஞ்சினில் எதையும் தொடவில்லை. டயர் ரோலரில் அதிகமாக அழுந்தினால் அந்தச் சூட்டிலேயே இரண்டு கிலோவாட் போய்விடுமாம். தளர்த்தினோம், 88 திரும்பி வந்தது. இரண்டு கிலோவாட்டுக்காக நான் போன வருடம் 3,000 ரேண்டுக்கு ஏர் ஃபில்டர் செட் வாங்கினேன்.

இப்போது புதுக் கேள்வி. டைனோவில் 12.8 நேர்கோடு. வீட்டுக்கு வரும்போது என்-2-ல் நெரிசல், அப்புறம் வழி கிடைத்து இரண்டாம் கியரில் மிதித்தேன். ஒரு நொடி 14.6, அப்புறம் 12.6. இப்போது எது?

நெல்லை_டு_டர்பன்

இரண்டும் தனித்தனிக் காரணம் தம்பி.

அந்த ஒரு நொடி 14.6: த்ராட்டிலைச் சட்டென்று திறக்கும்போது காற்று உடனே பாயும், பெட்ரோலில் ஒரு பகுதி இன்டேக் சுவரில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். நடுவில் ஒரு லீன் பள்ளம். அதை நிரப்ப ஈசியூவில் முடுக்கத்துக்கென்று தனி டேபிள் இருக்கும். டைனோவில் மெல்ல மிதித்து, 2,500-லிருந்து பிடித்து ஏற்றுகிறார்கள், அந்தப் பள்ளம் அங்கே வருவதே இல்லை. அதை ரோட்டில்தான் சரிசெய்ய முடியும். லாக் (ஈசியூ எழுதிவைக்கும் பதிவு) எடுத்து, வீட்டில் உட்கார்ந்து மாற்று, ஓட்டிக்கொண்டே லேப்டாப்பைத் தொடாதே.

12.6: காற்றின் சூடு. லாகில் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தைப் பார். டைனோவில் எவ்வளவு, ரோட்டில் எவ்வளவு?

சிட்டி_சாட்ஸ்வர்த்

டைனோவில் 34. நெரிசலில் நின்ற பிறகு 53.

நெல்லை_டு_டர்பன்

பானெட் மூடி, உள்ளே கனல். ஃபில்டர் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் என்று நினைக்கிறேன். 53 டிகிரிக் காற்று 34 டிகிரிக் காற்றைவிட 6 சதவீதம் மெலிந்தது. ஈசியூ அதற்கேற்ப பெட்ரோலைக் குறைக்கும், ஆனால் சென்சாரைத் தாண்டியபின் கொதிக்கிற மேனிஃபோல்டில் காற்று இன்னும் சூடாகிவிட்டால் உண்மைக் காற்றுக்கும் அது சொல்வதற்கும் பொருத்தம் தப்பும். உனக்குக் கொஞ்சம் ரிச் பக்கம் போயிருக்கிறது, அதனால் ஆபத்தில்லை. ஓடத் தொடங்கி இரண்டு கிலோமீட்டரில் 12.8-க்கு வந்திருக்குமே?

வேகத்தில் காற்று முன்னாலிருந்து அடித்துத் திணித்து பவர் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 120 கிலோமீட்டரில் அந்த அழுத்தம் முக்கால் கிலோபாஸ்கல்கூட இல்லை. குளிர்ந்த காற்று கிடைப்பதுதான் லாபம். ஃபில்டரை ஹெட்லைட்டுக்குப் பின்னால் மாற்றி, ஒரு தகரத் தடுப்பு வை.

டர்பன் ஈரப்பதத்தையும் மறக்காதே. 28 டிகிரி, முக்கால் பங்கு ஈரம் என்றால், நீ உறிஞ்சும் காற்றில் 28 மில்லிபார் வெறும் நீராவி. டி.ஐ.என் கணக்கு அதைப் பார்ப்பதே இல்லை. ஜூலையில் வறண்ட காலையில் அதே டைனோவில் ஏறினால் இரண்டு கிலோவாட் கூட வரும், உடனே யாருக்கும் போன் போட்டுச் சொல்லாதே.

20வால்வ்_பீனிக்ஸ்

ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வாரம் நானும் ஏற்றப் போகிறேன். 97.5 வரவில்லை என்றால் இந்தப் பக்கம் வரமாட்டேன்.

போலோ_பைன்டவுன்

ஆக சராசரி போட்டுவிட்டீர்கள்!

சிட்டி_சாட்ஸ்வர்த்

ஈஸ்டர் லீவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஹாரிஸ்மித்தில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறேன், அப்படியே எழுதுகிறேன்.

தம்பி பக்கத்து சீட்டில் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு எண்களை வாசித்தான். மரியான்ஹில் டோலில் வெளிக்காற்று 98, மாரிட்ஸ்பர்கில் 94. டவுன் ஹில் ஏறும்போது மேனிஃபோல்டு 93, கலவை 12.9, நாலாம் கியரில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, இடம் கிடைத்ததும் மிதித்து. வான் ரீனன் கணவாய் உச்சியில் 83. 80 வரிசை, அந்தப் பழைய, கை பட்ட எண்கள். 12.8. அந்த மனிதர் அவர் வரிசையைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

பவர் மட்டும் காணோம். டர்பனில் பறந்த கார் இங்கே மூன்றாம் கியருக்கு இறக்கச் சொல்கிறது. 95-ல் முக்கால் டேங்க் இருக்கிறது, திரும்பும்போது அண்ணன் 93 நிரப்பித் தந்தால் என்ன சொல்வது என்று யோசிக்கிறேன்.

மெரிபேங்க்_மாமா

நிரப்பட்டும். திரும்பும்போது ஹாரிஸ்மித் தாண்டுவதற்குள் தீர்கிற அளவுக்கு மட்டும் போடச் சொல். கேஸ்கெட் ஸ்டட் நட்டை அண்ணன் வீட்டில் ஒரு தடவை இறுக்கிப் பார், புதுசு எப்போதும் ஒரு சுற்று உட்காரும்.